தென்னந்தடத்து மண்

என் வயதுக்காரர்களாக இருந்தால் உங்கள் வீட்டிலும் இது நடந்திருக்கும். மகனோ மருமகளோ மொட்டைமாடியில் பத்துத் தொட்டிகளை வாங்கி வைத்து, "சும்மாதானே இருக்கீங்க, தண்ணி ஊத்துங்க" என்று குவளையைக் கையில் கொடுத்திருப்பார்கள். நீங்களும் ஊற்றுவீர்கள். துளிர் விட்டால் பக்கத்து வீட்டில் சொல்வீர்கள். வாடிப்போனால் நேற்று யார் வந்துவிட்டுப் போனார்கள் என்று யோசிப்பீர்கள்.

நான் சமைக்கப் போகும் வீட்டிலும் அப்படி ஒரு குவளையைக் கொடுத்தார்கள். வாங்கவில்லை. எனக்குக் கைராசி கிடையாது என்று சொல்லிவிட்டேன். அது உண்மையில்லை. ராசி இருக்கிறதா இல்லையா என்று நான் பார்த்ததே இல்லை. செடி, தோட்டம் என்றாலே எனக்கு ஒரு அவநம்பிக்கை. செடி என்ன செய்தது என்று கேட்பீர்கள். செடி ஒன்றும் செய்யாது. அதைப் பார்த்து மனிதர்கள் இன்னொரு மனிதரைப் பற்றி முடிவுக்கு வருவார்கள். பூத்தால் நல்லவள், பட்டுப்போனால் வேறு. வாசலில் நாலு செடி செழிப்பாக நிற்கும் வீட்டைக் கண்டால், இங்கே யார் மேல் என்ன பழி விழுந்திருக்கும் என்றுதான் எனக்கு முதலில் தோன்றுகிறது.

ஆறாம் வகுப்பைப் பாதியில் விட்டவள் நான். அதற்குப் பிறகு எந்த ஊரிலும் சேர்ந்தாற்போல நாலு வருடம் இருந்ததில்லை. அதனால் எல்லாவற்றையும் வரிசையாகச் சொல்ல வராது. ஆனால் ஒரு வைகாசி மாதம் மட்டும் வரிசையாக ஞாபகம் இருக்கிறது.

எனக்கு அப்போது பத்து வயது. திருவனந்தபுரத்தில் கரமனை ஆற்றுக்கு இறங்கும் ஒரு சந்தில், பெரிய காம்பவுண்டின் பின்பக்கம், ஏழு அறைகள் கொண்ட லைன் வீட்டில் இருந்தோம். ஏழிலும் நாகர்கோவில், திருநெல்வேலிப் பக்கத்து ஆட்கள். ஆண்களுக்குக் கட்டட வேலை, சுமை தூக்கும் வேலை. பெண்களுக்கு ஹோட்டலில் பாத்திரம், வீடுகளில் துணி. ஏழு அறைக்கும் ஒரு கிணறு, ஒரு கக்கூஸ். மழைக்காலத்தில் சுவரில் பச்சையாகப் பாசி ஏறும். அதை நகத்தால் சுரண்டிப் படம் வரைவேன்.

முன்பக்கம் ஓட்டுவீடு. சொந்தக்காரி ஒரு மலையாள அம்மாள், கணவர் இல்லாதவர். நாங்கள் கொச்சம்மா என்று கூப்பிடுவோம். அங்கே வேலைக்காரர்கள் எஜமானியை அழைக்கும் சொல் அது. வீட்டைவிட அவருக்குத் தோட்டம்தான் பெரிது. முன்னால் குரோட்டன்ஸ், செம்பருத்தி, நந்தியாவட்டை. பக்கவாட்டில் ஒரு பலா, அதைச் சுற்றி ஏறிய மிளகுக்கொடி. பின்னால், எங்கள் லைனுக்கும் கிணற்றுக்கும் நடுவில், நாலு தென்னைகள்.

அந்த நாலும் அவருடைய நாலு பிள்ளைகள் பெயரில் நட்டவை. பிள்ளை பிறந்த வருடம் ஒரு கன்று. மூத்தவள் மரம், இரண்டாமவன் மரம் என்றுதான் சொல்வார். கடைசி மகன் துபாயில் இருந்தான். அவனிடமிருந்து கடிதம் பிந்தினால் கொச்சம்மா பின்பக்கம் வந்து அவன் மரத்தின் குருத்தை அண்ணாந்து பார்த்துக்கொண்டு நிற்பார். குருத்து நேராக இருந்தால் முகம் தெளியும். மரத்திடம் மகனை விசாரிக்கிறார் என்று நாங்கள் சிரிப்போம். எங்கள் ஆட்களும் அதையேதான் செய்தார்கள் என்பது அப்போது எனக்கு உறைக்கவில்லை.

விழுந்த ஓலையைக்கூட நாங்கள் தொடக்கூடாது. என் தலையில் ஒரு செம்பருத்தி இருந்தால், "இது எவிடெந்நா, குட்டி?" என்று கேட்பார். கோயிலில் கொடுத்தது என்றால் எந்தக் கோயில், எந்தப் பூசாரி என்று அடுத்த கேள்வி வரும். பிள்ளைகள் காம்பவுண்டைத் தாண்டிப் போனதும் கிளையைப் பிடித்துப் பூவை எண்ணுவார்.

அந்த வருடம் தை மாதம் அப்பா ஒரு கான்டிராக்டரோடு பம்பாய்ப் பக்கம் வேலைக்குப் போனார். மாசியில் ஒரு கார்டு வந்தது, யாரோ எழுதிக்கொடுத்தது. பிறகு ஒன்றும் வரவில்லை. அம்மை தம்பானூரில் ஒரு லாட்ஜ் ஹோட்டலில் பாத்திரம் கழுவினாள். காலை பத்து மணிக்குப் போய் இருட்டத் தொடங்கும்போது வருவாள். அவள் புடவையில் எப்போதும் சாம்பாரும் சாம்பலும் கலந்த ஒரு வாசனை இருக்கும். விரல் நுனிகள் வெளுத்துச் சுருங்கியிருக்கும்.

சித்திரையில் ஒரு சாயங்காலம் கோடைமழை கொட்டியது. அந்த ஹோட்டலில் தோசை போடும் மாஸ்டர், அவரும் நம் பக்கத்து ஆள், குடை பிடித்து அம்மையை காம்பவுண்டு கேட் வரைக்கும் கொண்டுவந்து விட்டார். உள்ளே வரவில்லை. குடையைத் திருப்பிக்கொண்டு போய்விட்டார். நடந்தது அவ்வளவுதான். அதை அத்தை பார்த்துவிட்டாள்.

அத்தை அப்பாவுடைய அக்கா. முதல் அறையில் இருந்தாள். எங்கள் அறையும் மாமா பெயரில்தான் எடுத்தது. லைனில் அவள் சொல்வதுதான் நடக்கும். அம்மையிடம் நேராக எதுவும் கேட்கவில்லை. கிணற்றடியில், பொதுவாக, வாளியைப் பார்த்துச் சொல்வாள்.

"எந்தம்பி அங்க வெயில்ல கெடந்து சாவுதான். இங்க சிலருக்குக் குடை பிடிக்க ஆளு."

அம்மை தண்ணீரை மொண்டுகொண்டு வந்துவிடுவாள். அன்று என் தலையை அழுத்தி வாருவாள்.

வைகாசியில் கொடை, அம்மனுக்கு எங்கள் பக்கத்துத் திருவிழா. லைனின் கடைசியில், வேம்படியில், செங்கல் வைத்துக் கட்டிய ஒரு சின்ன அம்மன் பீடம் எங்களுக்கு இருந்தது. கொடைக்கு எட்டு நாள் முன்னால் காப்புக் கட்டி முளைப்பாரி போடுவார்கள். உங்களில் வடக்கத்தி ஆட்களுக்காகச் சொல்கிறேன்: வீட்டுக்கு ஒரு மண்சட்டி. அடியில் வைக்கோல், மேலே உலர்ந்த எரு, அதற்கு மேல் மண். அதில் நனைத்த பயறு வகைகளைப் போட்டு, வெளிச்சம் படாத அறையில் மூடி வைப்பார்கள். இருட்டில் வளர்வதால் முளை வெளுத்து, மெலிந்து, முழ உயரம் நிற்கும். எட்டாம் நாள் அதைத் தலையில் வைத்து ஊர்வலமாகப் போய் ஆற்றில் விடுவார்கள். விரதம் இருக்கும் பெண்களைத் தவிர அந்த அறைக்குள் யாரும் போகக்கூடாது. சட்டி செழித்தால் அந்த வீடு செழிக்கும். முளை குறைந்தால் அந்த வீட்டில் ஏதோ குறை.

யாருடைய சட்டி எப்படி வந்தது என்பதை அடுத்த கொடை வரைக்கும் பேசுவார்கள். மூன்று வருடத்துக்கு முன்னால் முளை சாய்ந்துபோன ஒரு வீட்டில் அதே ஆவணியில் பிள்ளை இறந்தது. அதற்குப் பிறகு சந்தேகப்பட யாருக்கும் தைரியமில்லை.

காப்புக் கட்டுக்கு முந்தின நாள் அம்மை முதல் அறைக்குப் போனாள். நான் கதவோரம் நின்றேன்.

"மைனி, நானும் ஒரு சட்டி வெக்கேன்."

அத்தை பயறு புடைத்துக்கொண்டிருந்தாள். நிமிரவில்லை. "வேலைக்குப் போறவளுக்கு வெரதம் ஓடுமா?"

"ஓடும்."

"பாரி பொய் சொல்லாது, பாத்துக்க."

"பொய் சொல்லாண்டாம்."

அத்தை சுளகைக் கீழே வைத்தாள். "அப்ப ஒண்ணு சொல்லுதேன் கேளு. மொளச்சு நின்னா நான் இனி வாயத் தொறக்க மாட்டேன். மொளைக்கலன்னா, எந்தம்பி வாரது வரைக்கும் நீ ஒங்க ஊருல போய் இரி. இந்த லைன்ல வேண்டாம்."

அம்மைக்கு ஊரில் யாரும் கிடையாது. தாய் இறந்து, வீடு இடிந்து, மனையும் கைமாறிவிட்டது. அது அத்தைக்கும் தெரியும். அம்மை சரி என்று தலையாட்டிவிட்டு வந்தாள்.

விதை பொது. எல்லா வீட்டிலும் வாங்கி ஒரே பானையில் நனைய வைத்தது. எருவும் தண்ணீரும் பொது. மண் மட்டும் அவரவர் கொண்டுவர வேண்டும், ஆற்றங்கரையிலிருந்து. மறுநாள் மற்றப் பெண்கள் காலையிலேயே போய் அள்ளிக்கொண்டு வந்துவிட்டார்கள். அம்மைக்கு வேலை. என்னிடம் ஒரு அலுமினியச் சட்டியைக் கொடுத்து, "கல்லில்லாம, வண்டலாப் பாத்து எடுத்துட்டு வா. வெளக்கு வெக்கதுக்கு முந்தி வந்துரணும்" என்று சொல்லிவிட்டுப் போனாள்.

நான் போனேன். ஆனால் ஆற்றில் இறங்கவில்லை. கரமனைப் பாலத்தின் மேல் நின்றுவிட்டேன். அதுதான் நாகர்கோவில் போகும் சாலை. பஸ்கள் வரிசையாகப் போகும். ஒவ்வொன்றின் நெற்றியிலும் ஒரு ஊர்ப்பெயர் இருக்கும். இதில் ஏறினால் எங்கே இறங்கலாம், அங்கே இறங்கினால் அடுத்த பஸ் எது என்று மனசுக்குள் போய்க்கொண்டே இருப்பேன். பிற்பாடு நான் எப்படி வாழ்ந்தேனோ, அதைப் பத்து வயதில் பாலத்தில் நின்றே ஒத்திகை பார்த்திருக்கிறேன். சட்டியைக் கவிழ்த்து அதன் மேல் உட்கார்ந்திருந்தேன். நிழல் நீண்டபோதுதான் நேரம் தெரிந்தது.

ஆற்றுக்கு இறங்கி ஏற நேரமில்லை. ஓடிவந்து பின்பக்கச் சந்து வழியாக காம்பவுண்டுக்குள் நுழைந்தேன். கிணற்றுக்குப் பக்கத்தில், துபாய் மகனுடைய தென்னைக்குக் கீழே, தடம் புதிதாக வெட்டியிருந்தது. மரத்தைச் சுற்றி வட்டமாகப் பள்ளம். மேலே சாம்பலும் பச்சைத் தழையும். நான் தழையை ஒரு ஓரமாக விலக்கினேன். கீழே கறுத்த மண், ஈரமாக, பொலபொலவென்று. ஆற்று மண்ணைவிட நன்றாக இருந்தது. அள்ளி நிரப்பிக்கொண்டு, தழையை இழுத்து மூடிவிட்டு வந்தேன்.

அம்மை மண்ணைத் தொட்டுப் பார்த்தாள். "நல்ல மண்ணு" என்றாள். நான் கை கழுவக் கிணற்றடிக்குப் போனேன்.

ஏழு அறைக்கும் அடுத்துக் கடைசியாக ஒரு அறை; அதில் கொச்சம்மா விறகு போட்டு வைத்திருந்தார். சாமி காரியத்துக்கு என்று மட்டும் சொல்லி அத்தை எட்டு நாளைக்குக் கேட்டு வாங்கியிருந்தாள். ஜன்னலுக்குச் சாக்கு. கதவிடுக்குக்குத் துணி. காலையிலும் மாலையிலும் ஈரத் தலையோடு பெண்கள் உள்ளே போவார்கள். மாலையில் வாசலில் கும்மி. கதவு திறந்து மூடும்போது ஒரு மணம் வரும்: நனைந்த வைக்கோல், எரு, புளித்த பயறு. அந்த மணம் இன்றைக்கும் ஏதாவது கடையின் பின்வாசலில் வந்து என்னை நிறுத்தும்.

மூன்றாம் நாள் ஆறு சட்டிகள் முளைத்தன. அம்மையுடையது முளைக்கவில்லை.

யாரும் என்னிடம் சொல்லவில்லை. கும்மியில் தெரிந்தது. அம்மைக்கு இரண்டு பக்கமும் நின்ற பெண்கள் கொஞ்சம் விலகி நின்றார்கள். நாலாம் நாள் மூலை வீட்டு அக்கா, லைனிலேயே வாய் நீண்டவள், துணி உலர்த்திக்கொண்டே சொன்னாள்.

"ஆறு சட்டியும் கல்யாண வீட்டுக்குப் பொறப்பட்ட மாதிரி நிக்கி. ஒண்ணு மட்டும் திருப்பதிக்குப் போயிட்டு வந்துட்டு."

பெண்கள் சிரித்தார்கள். மொட்டை என்பது எனக்கும் புரிந்தது.

"வெத ஒண்ணு, தண்ணி ஒண்ணு" என்றாள் அத்தை. "பின்ன எது வேற?"

மண் வேறு என்று எனக்குத் தெரியும். மண் திருட்டு மண். அம்மனுக்குத் திருட்டு மண்ணில் விதை போட்டால் எப்படி முளைக்கும் என்று நான் நினைத்தேன். ஆனால் சொன்னால் கொச்சம்மா எங்களைக் காலி பண்ணச் சொல்வார். சொல்லாவிட்டால் அத்தை சொல்வாள். எப்படிப் பார்த்தாலும் வெளியே போக அதே கேட்தான். அதனால் வாயை மூடிக்கொண்டு கஞ்சி குடித்தேன்.

அம்மைக்கு வேறு சந்தேகம். எனக்குப் பின்னல் போட்டுக்கொண்டே, தனக்குத்தானே பேசுவதுபோல, "நான் வேலைக்குப் போன பொறவு மைனிதான் வெந்நி ஊத்துதாளோ என்னவோ" என்றாள். ஐந்தாம் நாள் சாயங்காலம் வந்ததும் குளித்துவிட்டு உள்ளே போனவள், வெகு நேரம் வெளியே வரவில்லை. கதவிடுக்குத் துணி விலகியிருந்தது. பார்த்தேன். பார்க்கக்கூடாது, ஆனால் பார்த்தேன். அவள் சட்டிக்கு முன்னால் குந்தியிருந்து, மற்ற ஆறு சட்டிகளையும் ஒவ்வொன்றாக முகர்ந்துகொண்டிருந்தாள்.

ஆறாம் நாள் காலை. துபாய் மகனுக்குக் காய்ச்சல், ஒரு வாரமாக வேலைக்குப் போகவில்லை என்று கொச்சம்மாவுக்குக் கடிதம் வந்தது. கடிதத்தைக் கையில் வைத்துக்கொண்டே பின்பக்கம் வந்தார், வழக்கம்போலக் குருத்தைப் பார்க்க. பிறகு கீழே பார்த்தார். தழை வாடி உள்ளே அமுங்கியிருந்தது. நான் அள்ளிய இடம் ஒரு குழியாகத் தெரிந்தது.

அந்த ஊர்க்காரர்களுக்கு இதைவிடப் பயம் வேறில்லை. வீட்டுத் தோட்டத்தில் யாராவது முட்டையோ தகடோ மந்திரித்துப் புதைத்துவிட்டால் அந்த வீடு அழியும் என்பார்கள். கூடோத்ரம் என்று பெயர். நாம் செய்வினை என்கிறோமே, அது. மகன் பெயரில் நட்ட மரம், அதனடியில் குழி, மகனுக்குக் காய்ச்சல். பக்கத்திலேயே சாக்குக் கட்டிய ஜன்னல், ஈரத் தலையோடு போய்வரும் தமிழ்ப் பெண்கள். கொச்சம்மா கணக்குப் போட்டுவிட்டார்.

அவர் தோட்டக்காரனைக் கூட்டிக்கொண்டு நேராகக் கடைசி அறைக்கு வந்தார். அத்தை வாசலை மறித்து நின்றாள். அம்மை வேலைக்குக் கிளம்பியவள், தூக்குவாளியோடு அப்படியே நின்றாள்.

"வாதில் தொறக்கு."

"உள்ள வரப்பிடாது கொச்சம்மா. சாமி காரியம்."

"சாமியோ? சாமிக்கு எந்தினா இருட்டு?"

"அது அப்படித்தான் வழக்கம்."

"ஜன்னலுக்குச் சாக்கு. சந்தியா நேரத்துக்குப் பாட்டு. எந்தா நிங்கள் அகத்து வளர்த்துந்நது? கஞ்சாவோ?"

"பயறு, கொச்சம்மா" என்றாள் மூலை வீட்டு அக்கா. "வேணும்னா வதக்கித் தோரன் வெக்கலாம்."

கொச்சம்மா சிரிக்கவில்லை. மரத்தைக் காட்டினார். "என்றெ மோன்றெ தெங்கு. ஞான் என்றெ கையால ரெண்டு படி உப்பும் சாம்பலும் இட்டு, வெள்ளம் ஒழிச்சு மூடிய தடம். அதில் ஆரா குழிச்சது? எந்தா குழிச்சிட்டது?"

அங்கே மழைக்காலம் தொடங்குவதற்கு முன்னால் தென்னைக்குத் தடம் எடுத்து உப்புப் போடுவார்கள். மழை அதைக் கரைத்து வேருக்குக் கொண்டுபோகும். அந்த வருடம் மழை பிந்தியிருந்தது, அதனால் அவரே தண்ணீர் ஊற்றியிருந்தார். நாங்கள் வறண்ட பக்கத்து ஆட்கள்; மரத்துக்கு யாராவது உப்புப் போடுவார்கள் என்று எங்கள் யாருக்கும் தெரியாது. உப்பு என்ற சொல் என் காதில் விழுந்ததும் எல்லாம் ஒரே நேரத்தில் விளங்கியது. பிறகு என் வாய் தானாகவே பேசியது.

"குழி நான் தோண்டினது. மண்ணு எடுத்தேன். அம்மையோட சட்டிக்கு."

அத்தை சொன்னாள், "அம்மையக் காப்பாத்தப் புள்ள சொல்லுது. சொல்லிக் குடுத்திருக்கா."

அம்மை என்னைப் பார்த்தாள். அந்தப் பார்வையில் கோபம் இல்லை, ஏதோ எண்ணிப் பார்க்கிற மாதிரி இருந்தது. தூக்குவாளியைக் கீழே வைத்தாள். அத்தையைத் தோளால் விலக்கிக்கொண்டு உள்ளே போய்த் தன் சட்டியை எடுத்துக்கொண்டு வெளிச்சத்துக்கு வந்தாள். மேலே விதைகள் ஊதி, வெடித்து, கறுத்துக் கிடந்தன. அவள் ஒரு கிள்ளு மண்ணை எடுத்து வாயில் போட்டாள். மென்றாள்.

"உப்பு" என்றாள். சட்டியை அத்தையிடம் நீட்டினாள். "மைனி, நாக்குல வெச்சுப் பாருங்க."

அத்தை இரண்டடி பின்னால் போனாள். "காப்புக் கட்டுன எடத்துல, அம்மன் சட்டியில கையப் போட்டு எச்சில் பண்ணிட்டியே, பாவி."

"உப்பா இல்லியான்னு பாருங்க மைனி."

"அதை நான் தொடுவேனா."

அம்மை மூலை வீட்டு அக்காவிடம் நீட்டினாள். அவளும் கையை முந்தானைக்குள் சுருட்டிக்கொண்டாள். ஆறு வீட்டுப் பெண்களிடமும் நீட்டினாள். ஒருத்தியும் தொடவில்லை. அவர்களுக்கு விரதம். விரதம் என்பது உண்மைதான். ஆனால் அவர்கள் அதற்காக மட்டும் கையை மடக்கவில்லை என்று அன்றைக்கும் நினைத்தேன், இன்றைக்கும் நினைக்கிறேன்.

கொச்சம்மாதான் கையை நீட்டினார். விரல் நுனியால் மண்ணைத் தொட்டு நாக்கில் வைத்தார். துப்பினார்.

"உப்பு தன்னெ. என்றெ உப்பு."

அவர் முகம் லேசாகிவிட்டது. செய்வினை இல்லை, வெறும் திருட்டுதான். ஆனால் விடவில்லை. "மண்ணு என்றெ மோன்றெ மரத்தின்றெயா. திரிகெ இடணும்" என்றார். திருப்பிப் போட வேண்டுமாம்.

"அது முடியாது" என்றாள் அத்தை. "பாரி மண்ணு ஆத்துலதான் போவணும். முளச்சாலும் முளைக்காட்டாலும்."

"ஆத்திலோ? என்றெ மோன்றெ மண்ணு ஆத்திலோ?"

இரண்டு பெண்களும் ஒரு சட்டி மண்ணுக்காகச் சண்டை போட்டார்கள். ஒருத்தி மலையாளத்தில், ஒருத்தி தமிழில். இரண்டு பேருக்கும் மற்றவள் சொன்னது முழுக்கப் புரிந்தது. அம்மை நடுவில் சட்டியோடு நின்றாள். யாரும் அவளைப் பார்க்கவில்லை. கொஞ்ச நேரம் கேட்டுக்கொண்டிருந்துவிட்டு, அவள் நடந்து போய்த் தென்னையடியில் சட்டியைக் கவிழ்த்தாள். மண்ணைக் காலால் பரப்பினாள். காலிச் சட்டியைக் கிணற்றடியில் வைத்துவிட்டு, தூக்குவாளியை எடுத்துக்கொண்டு வேலைக்குப் போனாள்.

அம்மனுக்கு வைத்ததை மரத்துக்குக் கொட்டியவள் என்று ஆயிற்று. உப்பு பற்றி அதற்குப் பிறகு யாரும் பேசவில்லை.

எட்டாம் நாள் ஊர்வலம். ஆறு சட்டிகள் பூச்சுற்றி ஆடிக்கொண்டு போனதை நான் பாலத்திலிருந்து பார்த்தேன். வெளுத்த முளைகளின் மேல் முதல் வெயில் பட்டபோது அவை பார்க்க அழகாகத்தான் இருந்தன. அதைச் சொல்லாமல் விடுவது நியாயமில்லை. அம்மை அன்றும் வேலைக்குப் போனாள்.

அவளைப் போகச் சொல்லி யாரும் சொல்லவில்லை. கொச்சம்மாவும் சொல்லவில்லை, எனக்கு மட்டும் பின்பக்கச் சந்து வழி அடைக்கப்பட்டது. ஆனால் கிணற்றில் அம்மை வாளி போட்டால் மற்றவர்கள் காத்திருந்து, அவள் போன பிறகு இரண்டு வாளி இறைத்துக் கொட்டிவிட்டு மொண்டார்கள். எங்கள் அறைக்கு நேராக வந்ததும் பேச்சை நிறுத்தினார்கள். அம்மை "ஒங்கப்பா வரட்டும்" என்று மட்டும் என்னிடம் சொன்னாள். அப்பா மண்ணைக் கேட்பார், உப்பைக் கேட்பார், சிரிப்பார், அதோடு முடிந்துவிடும் என்று அவள் நம்பினாள். நானும் நம்பினேன்.

ஆவணியில் அப்பா வந்தார். சாரத்திலிருந்து விழுந்து காலை ஒடித்துக்கொண்டு நாலு மாதம் ஆசுபத்திரியில் கிடந்திருக்கிறார். எழுதத் தெரியாது, எழுதிக்கொடுத்தவன் வேறு ஊருக்குப் போய்விட்டான். நொண்டிக்கொண்டே முதல் அறைக்குப் போய் அக்காவைப் பார்த்துவிட்டுத்தான் எங்கள் அறைக்கு வந்தார். அம்மை சோறு போட்டாள். நெத்திலி வாங்கியிருந்தாள். அவர் பாதி சாப்பிட்டுவிட்டு, தட்டைப் பார்த்துக்கொண்டே கேட்டார்.

"உப்பு மண்ணாமே."

"ஆமா. இவ எடுத்துட்டு வந்தது."

"கொச்சம்மாவும் நாக்குல வெச்சுப் பாத்தாங்களாம்லா."

"பாத்தாங்க."

அவர் ஒரு வாய் உருட்டினார். "உப்புதான். இல்லேன்னு சொல்லல. இருந்தாலும் அவ்வளவு வெதையில ஒரு நாலு வெதையாவது வந்திருக்கணும்லா."

கெட்ட மனிதர் இல்லை. அடிக்கவில்லை, கத்தவில்லை. நியாயமாகத்தான் கேட்டார். அம்மை அகப்பையைச் சட்டிக்குள் வைத்தாள்.

"வந்திருக்கணும்" என்றாள். "கொழம்பு ஊத்தட்டா?"

மறுநாள் காலை அவள் வழக்கமான நேரத்துக்குக் கிளம்பினாள். என்னையும் கூட்டிக்கொண்டாள், பள்ளிக்கூட நாள் என்றாலும். தம்பானூரில் இறங்கினோம். ஹோட்டலுக்குப் போய்ப் பாக்கிச் சம்பளத்தை வாங்கிக்கொண்டு நாகர்கோவில் பஸ்ஸில் ஏறினோம். கரமனைப் பாலத்தைத் தாண்டும்போது அவள் தலையைத் திருப்பவில்லை. நான் எந்தப் பஸ்களை எண்ணினேனோ அவற்றில் ஒன்றில் போகிறேன் என்ற சந்தோஷம் எனக்கு இருந்தது. பிள்ளைகள் அப்படித்தான்.

அந்தத் தோசை மாஸ்டரோடு போய்விட்டாள் என்று லைனில் பேசியிருப்பார்கள். போகவில்லை. எனக்குத் தெரிந்தவரை போகவில்லை.

பிறகு நடந்தது நீளம். நாகர்கோவிலில் கயிற்றுக் கம்பெனி. தூத்துக்குடியில் மீன் அளவும் இடம். கோயம்புத்தூரில் ஒரு ஹாஸ்டல் அடுக்களை. நான் ஒருவனைக் கட்டி ஒரு வருடத்தில் விட்டேன். அப்பா இறந்தது ஆறு மாதம் கழித்துத்தான் தெரிந்தது. அம்மை ஒரு நாள் அழுதாள். அவ்வளவுதான்.

முப்பத்தைந்து வயதில் பொள்ளாச்சிப் பக்கம் ஒரு தென்னந்தோப்பில் எனக்கும் அம்மைக்கும் வேலை கிடைத்தது. தோப்புக்காரர் கேரளத்திலிருந்து வந்தவர். முதல் மழைக்கு முன்னால் தடம் எடுத்து உப்புப் போடச் சொன்னார். நான்தான் மூட்டையைச் சுமந்து போட்டேன். அன்று சாயங்காலம், அம்மை குளிக்கப் போயிருந்தபோது, ஒரு தடத்திலிருந்து ஒரு சட்டி மண் அள்ளினேன். கடையில் ஐந்தாறு வகைப் பயறு வாங்கி முந்தின நாளே நனைய வைத்திருந்தேன். விதைத்து, எங்கள் குடிசைக்குப் பின்னால் உர மூட்டைகளின் இருட்டில், சாக்கைப் போட்டு மூடினேன்.

எதற்காகச் செய்தேன் என்று உங்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. மண்ணை அள்ளியவள் நான். அவள் வாயில் போட்டு மென்றதை ஒரு கை தூரத்தில் நின்று பார்த்தவள் நான். கட்டிப் போன அந்த ஒரு வருடம் தவிர, இருபத்தைந்து வருடம் அவளோடு ஒரே பாயில் படுத்தவள். அப்படியும் நாலு விதையாவது வருகிறதா என்று எனக்குப் பார்க்க வேண்டியிருந்தது.

இரண்டாம் நாள் மத்தியானம் நான் தோப்பிலிருந்து வரும்போது சாக்கு விலகிக் கிடந்தது. அம்மை சட்டிக்கு முன்னால் குந்தியிருந்தாள். அவளுக்கு அப்போது பல் பாதி போய்விட்டது. என்னை நிமிர்ந்து பார்த்தாள். நான் ஏதாவது சொல்வேன் என்று காத்திருந்தாள் போலிருக்கிறது.

"இன்னைக்குத் தண்ணி விட்டியா?" என்று கேட்டாள்.

"விட்டேன்" என்றேன். விடவில்லை.

அவள் மண்ணை விரலால் தொட்டுப் பார்த்துவிட்டு எழுந்துபோய், ஒரு தம்ளர் தண்ணீர் கொண்டுவந்து, விதை இடம் மாறாதபடி கையை அணை கொடுத்து ஊற்றினாள். சாக்கை இழுத்து, வெளிச்சம் புகாமல் நாலு பக்கமும் செருகினாள். அதற்குப் பிறகு காலையும் மாலையும் அவள்தான் ஊற்றினாள். எட்டு நாளில் ஒரு வேளைகூடத் தவறவில்லை.

ஒன்றும் முளைக்கவில்லை. ஒன்பதாம் நாள் காலை அவள் சட்டியை எடுத்துவந்து என் முன்னால் வைத்து, நான் பார்க்கும்வரை நின்றாள். பிறகு அதைக் கொட்டி, கழுவி, வெயிலில் கவிழ்த்துவிட்டுத் தோப்புக்குக் கிளம்பினாள்.